நாலாவது கட்டில் கால்

மூன்று கட்டில் கால்கள் கடைந்து முடிந்து, அரக்கேறி, கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றன. நாலாவது காலுக்கான கட்டையைச் சங்கரபாண்டி லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டி இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குலுக்கல் இல்லை. வெளியே சாரல் ஓட்டின் மேல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. அன்று ஆடிச் செவ்வாய். தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்கான அவர் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். உச்சி சாய்ந்ததும் அக்கா முப்பிடாதியம்மாள் வில்வண்டியோடு வந்துவிடுவாள். மகளைக் கோடாங்கியிடம் அழைத்துப் போக வேண்டும். அதற்குள் இந்தக் கட்டையை உருட்டி எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பேயோட்டப் போகிற அன்று கட்டில் கால் கடைகிற மனுஷன் அந்த ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

லேத்து என்றால் கம்பெனி லேத்து என்று நினைத்துவிடக் கூடாது. கழித்துப்போட்ட டிராலிச் சக்கரம் ஒன்றை ஏலத்தில் எடுத்து, தேக்குச் சட்டத்தில் பூட்டி, தையல் மிஷினைப் போலக் காலால் மிதிக்கிற பலகையும் தோல் வாரும் கொடுத்து அவரே கட்டிய யந்திரம். முனைகள் இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று நூல் பிடித்தும் தூக்குக்குண்டு விட்டும் அவர் பட்ட பாட்டில், அந்த நாட்களில் வீட்டில் உப்பு தீர்ந்தது என்றுகூட யாரும் அவரிடம் போய்ச் சொல்ல முடியவில்லை. சாரல் காலத்தில் வார் நமத்துத் தளரும். குங்கிலியப் பொடி தூவினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரக்காற்றில் அரக்கு சரியாக ஒட்டாமல் வெளுத்துப் போகும். அதற்காகக் கட்டைக்குக் கீழே கரிச்சட்டியில் கனல் போட்டு வைப்பார். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் அது இளகிப் பூசிக்கொள்ளும். அதன் மேல் தாழை மடலை வைத்து அழுத்தி எடுத்தால் முகம் பார்க்கலாம். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டார். கெட்டுப் போனதெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

போன வருஷம், காங்கிரஸ் மந்திரிசபை வந்த கையோடு அடித்த ஆடிக்காற்றில், மேலகரத்துக்கு அப்பால் சிற்றாற்றங்கரையில் சுடலைமாடன் பீடத்துக்குப் பின்னால் நின்ற புளியமரம் சாய்ந்தது. பேய் பிடித்த பெண்களை அங்கேதான் கூட்டி வருவார்கள். உடுக்கடித்து, அடிக்க வேண்டியது அடித்து, கடைசியில் தலைமுடியில் ஒரு கற்றையை ஆணியில் சுற்றி அந்த மரத்தில் அறைவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதுதான் ஏற்பாடு. அந்த மரம் விழுந்தபோது விறகுக்குக்கூடத் தொட ஆளில்லை. சங்கரபாண்டி தொட்டார். "மரம் மரந்தான்வே. பேய்க்கு வேற சோலி இல்லையா?" என்றார். பட்டைக்கு மேலே தெரிந்த ஆணிகளையெல்லாம் குறட்டால் பிடுங்கிச் சிரட்டையில் போட்டு, அதை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அறுப்புப் பட்டறை ஆதம் ராவுத்தர் மட்டும், "புளி ஆணிய முழுங்கும் அண்ணாச்சி. நீங்க புடுங்கினது அது திங்காம வச்ச மிச்சம்," என்று சொல்லிவிட்டு, உடைந்தால் உடையட்டும் என்று தேய்ந்த ரம்பவாள் ஒன்றைப் போட்டு அறுத்துக் கொடுத்தார். வாள் உடையவில்லை. சங்கரபாண்டிக்கு அதிலும் ஒரு பெருமை.

மனைவி குழல்வாய்மொழிக்கு மரம் நின்ற இடம் பிறந்த ஊர்ப்பக்கம். கட்டைகள் வந்து இறங்கியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொட்டகை வழியாகக் கிணற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனாள். பொம்பளை பயம், போகப் போகச் சரியாகும் என்று அவர் விட்டுவிட்டார். அவள் பேச்சு குறைந்தவள். பெண் பார்த்த காலத்திலேயே எல்லாரும் "அடக்கமான பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு வலது காதுக்கு மேலே, முடிக்குள் ஒரு தம்பிடிக் காசளவுக்கு வழுக்கை உண்டு. சின்ன வயசில் சிரங்கு வந்து போனது என்று சொல்லியிருந்தாள். அதை மறைத்துத்தான் எப்போதும் தலை சீவுவாள். சங்கரபாண்டி அவள்மேல் பிரியம் பெருகுகிற வேளைகளில், "எங்கே என் தம்பிடி? செலவழிச்சிட்டியா?" என்று முடியை விலக்கித் தேடுவார். அவளும் சிரிப்பாள். சிரிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஒரே மகள் உலகம்மாள். எட்டாவது வரை படித்தவள், வாயாடி, அப்பா கடைந்த பம்பரத்தைத் தெருப் பையன்களோடு போட்டி போட்டு விடுகிறவள். சிவகிரியில் நல்ல இடமாக முப்பிடாதியம்மாள் பேசி முடித்தாள். ஆவணியில் முகூர்த்தம். வெற்றிலை மாற்றுகிற அன்று காலையில் உலகம்மாள் "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். சத்தமில்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். வெற்றிலை மாற்றியாயிற்று. அன்றிலிருந்து அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சைக் குறைத்தாள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். எழுப்பினால் "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொன்னாள். முப்பிடாதியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இது நம்ம பிள்ள கொரலாலே? நல்லாக் கேட்டுப் பாரு. அருவியில குளிக்கப் போன எடத்துல எதோ ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு," என்றாள். அருவிக்குப் போய்வந்தது உண்மை. மரத்தில் பேயில்லை என்று ஊருக்கே சொன்ன சங்கரபாண்டி, மகள் விஷயத்தில் ஒருமுறை போய்வந்தால் என்ன நஷ்டம் என்று நினைத்தார். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய மரம் போய்விட்டாலும் பீடத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு புளி நின்றது.

"வீட்டு ஆம்பள கையால ஒரு ஆணி எடுத்து வைக்கணும்," என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆணி விஷயத்தில் அவரிடம் குறை வைக்க முடியுமா? டப்பா டப்பாவாக வைத்திருந்தார். அதில் ஒரு சீமை ஆணியைப் பொறுக்கி, துரு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, எண்ணெய் தொட்டுக் கொடுத்தார். "வளையாது. எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் நேரா இறங்கும்," என்று சொல்லியும் வைத்தார். குழல்வாய்மொழி அதை வாங்கி எலுமிச்சம்பழமும் கர்ப்பூரமும் இருந்த தாம்பாளத்தில் வைத்தாள்.

இப்போது அவர் பலகையை மிதித்தார். சக்கரம் முனகிவிட்டு வேகம் பிடித்தது. கட்டையின் மூலைகளில் உளி பட்டுப் பட்டுத் தெறித்து, மெல்ல உருண்டு வந்தது. இந்தக் கட்டையில் வெளி வெள்ளைதான் அதிகம். வைரம் பாய்ந்த நடுமரம் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தது. மற்ற மூன்று கால்களிலும் கருஞ்சிவப்பாக வைரம் ஓடியிருக்க, இது மட்டும் வெளிறித் தெரியுமே என்று அவருக்கு மனக்குறை. ஒரு விரற்கடை ஆழம் சீவி இறங்கியபோது வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சீவினார். கீற்று அகன்று, மையைக் கொட்டியது போல நீலமும் கறுப்புமாகப் பரவியது. அப்படி ஒரு வைரத்தை அவர் பார்த்ததில்லை. யந்திரத்தை நிறுத்தி, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அந்த இடம் கட்டிலின் தலைமாட்டில், வருகிறவர் கண்ணில் படும் பக்கமாக வரவேண்டும் என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டார். அரக்குகூட நிறமில்லாததாகப் போட வேண்டும், கறுப்பு தெரிய வேண்டும். அவர் மறுபடி மிதித்தார்.

உளி ஓர் அலறல் அலறிக் கையை விட்டுத் தெறித்தது. எஃகுச் சில்லு ஒன்று அவர் தோளைத் தாண்டிச் சுவரில் போய் விழுந்தது. வார் நழுவி, சக்கரம் வெறுமனே சுற்றி நின்றது. கை முழங்கை வரைக்கும் மரத்துப் போயிருந்தது. முதலில் அவர் பார்த்தது உளியைத்தான். வாய் பெயர்ந்து போயிருந்தது. நல்ல உளி போயிற்றே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. பிறகு கட்டையைப் பார்த்தார். கறுப்புக்கு நடுவில் இரும்பு மின்னியது. வைரம் என்று அவர் கொண்டாடியது துருவின் கறை. ஆதம் ராவுத்தர் சொன்னது ஞாபகம் வந்தது. சின்ன உளியை எடுத்துச் சுற்றிலும் கொத்தினார். ஆணியைச் சுற்றித் தேங்காய் நார் மாதிரி ஏதோ ஒன்று இறுகிக் கிடந்தது. குறட்டால் பிடித்து அசைத்து அசைத்து இழுத்தபோது ஆணியோடு அதுவும் வந்தது. நுனியை நகத்தால் நெருடினார். பிரிந்தது. நீள நீளமான முடி.

அருவருப்பும் ஆச்சரியமுமாக அவர் அதைக் கனல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மரம் அதை விழுங்கி, மேலே நாலு விரற்கடைக்கு வளர்ந்து மூடி, ஒன்றுமே நடக்காதது போல நின்றிருக்கிறது. எந்த வீட்டுப் பெண்ணோ. ஸ்டேஷனில் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்றுகூட அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது. "ஏ, இங்கன வந்து ஒரு அதிசயத்தப் பாரு," என்று கூப்பிட்டார்.

குழல்வாய்மொழி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் அரைத்த மஞ்சள் ஒட்டியிருந்தது. ஒரு வருஷமாகக் கால் வைக்காத கொட்டகையின் வாசலில் நின்றாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். அவள் அலறவில்லை, பின்வாங்கவும் இல்லை. உள்ளே வந்து, குனிந்து, கடையில் கத்தரிக்காய் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

"இது எங்க வண்டி ஆணில்லா," என்றாள்.

"எந்த வண்டி?"

"எங்கய்யா வண்டி. சட்டத்துல அடிக்கிற ஆணி. தலை நாலு பட்டமா இருக்கு பாருங்க. எங்கூர்க் கொல்லன் அடிச்சது. மத்தவங்கெல்லாம் கடை ஆணிதான் கொண்டாருவாவ. எங்கய்யா மறந்துபோய் வந்துட்டாவ. அங்கன வச்சே வண்டியிலேர்ந்து கழத்தினாவ."

சங்கரபாண்டிக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. ஆணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் தானாக அவளது வலது காதுக்கு மேலே போய் நின்றது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி.

"உனக்கா?" என்றார். "உனக்குப் பேய் புடிச்சிருந்துதா?"

"பேயெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்களக் கெட்டிக்கிட மாட்டேன்னு சொன்னேன்."

சாரல் நின்றிருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கேட்டால் சொல்லுவாள் போல நின்றாள்.

"ஏன்?"

"ஏன்னா என்னத்தச் சொல்ல. உங்கள எனக்குத் தெரியவே தெரியாது. அப்பம் யாரு வந்திருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். வாத்திச்சி வேலைக்குப் படிக்கணும்னு ஒரு ஆசை இருந்துது. ரெண்டு மட்டம் சொன்னேன். மறுமட்டம் சொல்லும்பம், இது நம்ம பிள்ள கொரல் இல்லன்னுட்டாவ." மஞ்சள் கையை முன்றானையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள். "நீ யாரு, பேரச் சொல்லுன்னு கோடாங்கி அடிச்சான். எம் பேரச் சொன்னா இன்னும் அடிச்சான். யாராவது செத்தவ பேரச் சொன்னாத்தான் விடுவான்னு தெரிஞ்சுபோச்சு. எங்க தெருவுல கெணத்துல விழுந்து செத்தவ ஒருத்தி இருந்தா. அவ பேரு வாயில வந்துட்டு. அவ அம்மைக்காரி கூட்டத்துல நின்னா. ஓடிவந்து எங்காலக் கெட்டிக்கிட்டு, எம் மவளே, ஏன்டி போனே, பசிக்கா ஒனக்குன்னு அழுதா. அவளத் தூக்கி ஒக்கார வைக்க முடியல. அதத்தான் என்னால தாங்க முடியல. மத்தது போயிட்டு."

"முடி..."

"ஆணி அடிச்சப் பொறவு வெட்டி விடணும். எங்களுக்கு அவசரம், மழை வந்துட்டு. ரெண்டு பேரு புடிச்சு இழுத்துட்டாவ."

சங்கரபாண்டி லேத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எத்தனை முறை அந்த முடியை விலக்கியிருக்கிறார். எத்தனை முறை தம்பிடி தம்பிடி என்று விரலால் தட்டியிருக்கிறார். வாசலில் விளக்கேந்திக்கொண்டு, அடக்கமாக, தலை குனிந்து தன் வீட்டுக்குள் நுழைந்த பெண்ணை நினைத்துப் பார்க்க முயன்றார். அந்தத் தலை எதற்காகக் குனிந்திருந்தது என்று இப்போது தெரிந்தபோது, இத்தனை வருஷமும் யாருடைய வீட்டில் யாருடன் இருந்தோம் என்றே தெரியாமல் போயிற்று.

"அப்புறம்?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"அப்புறம் என்ன. நீங்க வந்தீங்க."

"இவ்வளவு காலமா ஏன் எங்கிட்டச் சொல்லல? அதுபோகட்டும். உலகம்மாளக் கோடாங்கிட்ட கூட்டிப்போக அக்கா நாள் குறிச்சாளே. அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவள் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "சொன்னா அது மறுபடி வந்துட்டுன்னு சொல்வாவ," என்றாள். "நீங்களும் சொல்லியிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். தாம்பாளத்தில் எண்ணெய் மினுங்கக் கிடக்கும் சீமை ஆணி கண்முன் வந்தது. வளையாது என்று சொல்லிக் கொடுத்த ஆணி. அவளுடைய அப்பாவாவது மறந்துபோய், கையில் அகப்பட்டதைக் கழற்றினார். இவர் பொறுக்கி எடுத்தார். உப்புத்தாள் போட்டார். சட்டென்று கொட்டகையை விட்டு வெளியேறி, ஈர முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் போய், தாம்பாளத்திலிருந்து அந்த ஆணியை எடுத்துப் பழைய ஆணி இருந்த கைக்குள்ளேயே சேர்த்து மூடிக்கொண்டார். உள்ளறையில் உலகம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் முடிக்கு யாரோ புதிதாக எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டிருந்தார்கள்.

வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது. முப்பிடாதியம்மாள் வண்டியை விட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தாள். "ஏலே சங்கரா, நேரமாவுது. பிள்ளைய எழுப்பிக் கூட்டியாங்க. தட்டு தயாரா?" நடையேறி வந்து தாம்பாளத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். "ஆணி எங்கலே?"

சங்கரபாண்டி மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அக்கா," என்றார். அதற்கு மேல் வரவில்லை. ஸ்டேஷனில் ஆறு பேர் கேட்கப் பேய் இல்லை என்று பேசுகிற வாய்.

"என்னலே முழிக்க? அங்கன போனப் பொறவு ஆணிக்கு எங்க போவ?"

முற்றத்துப் பக்கமிருந்து குழல்வாய்மொழி வந்தாள். வந்தவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகில் சரிந்தது. வலது காதுக்கு மேலே மஞ்சள் கையால் முடியை இரண்டாக வகிர்ந்து பிடித்துக்கொண்டு, வெளிச்சம் படும்படி தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

"மதினி, இதப் பாருங்க," என்றாள். "எம் பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன்."

முப்பிடாதியம்மாள் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. ஆடிச் செவ்வாயில், தலைவிரி கோலத்தில், இத்தனை வருஷத்தில் ஒரு முறையும் எதிர்த்துப் பேசாதவள் பேசுவதைத்தான் பார்த்தாள். பின்னால் நகர்ந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. குரலைத் தாழ்த்தித் தம்பியிடம் சொன்னாள்.

"சங்கரா, இது நம்ம குழலு கொரல் இல்லலே. புளியங்கட்டைய வீட்டுக்குள்ள கொண்டாராதன்னு சொன்னேனா இல்லையா? இவளையும் சேத்து வண்டியில ஏத்து. வண்டிக்காரனக் கூப்பிடட்டா?"

குழல்வாய்மொழி முடியை விடவில்லை. அவளும் புருஷனைத்தான் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. தெரிந்த பதில் ஒன்றுக்குக் காத்திருக்கிற பார்வை. சங்கரபாண்டி ஏதோ சொல்ல முன்னால் ஓர் அடி வைத்தார். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குறுகலான படி. அவர் எழுந்திருக்காமல் யாரும் வெளியே போக முடியாது, யாரும் உள்ளே வரவும் முடியாது. வண்டிக்காரன் தெருவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மாட்டின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தான்.

"சொல்லுலே," என்றாள் அக்கா.

உள்ளறையில் பாய் சரசரத்தது. உலகம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் தலையருகில் வந்து நின்று, அந்த இடத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்தாள். விரல் நுனிக்குள் அது முழுக்க அடங்கியது. "யம்மா," என்றாள், பல நாள் பேசாத கரகரத்த குரலில். விரலை அவள் எடுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரின் மூடிய கைக்குள்ளிருந்து, துருவேறிய நீள முடி ஒன்று வெளியே தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.